இரண்டாம் பாகத்து அழுகை

நாற்பத்தேழு வயதுப் பெண்ணைக் 'குட்டிப்பாப்பா' என்று கூப்பிட்டால் எந்த வீட்டிலும் சண்டைதான் வரும். இவளைக் கூப்பிட்டால் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்ப்பாள். டப்பிங் கூடத்தில் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் குட்டிப்பாப்பாதான். திரையில் எந்தக் குழந்தை வாயைத் திறந்தாலும் குரல் இவளுடையதாக இருக்கும். தொட்டில் பிள்ளையின் சிணுங்கல், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற அடம், முட்டியைச் சிராய்த்துக்கொண்டவனின் ஒப்பாரி எல்லாம் அவள் தொண்டையிலிருந்து வந்தவை. அங்கே பிள்ளை கன்னத்தில் குழி விழச் சிரிக்கும். இங்கே மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்த ஒருத்தி மைக்கைப் பார்த்துக் 'களுக்' என்பாள். சினிமாவில் இதைவிடப் பெரிய ஏமாற்றெல்லாம் நடக்கிறது, இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

குழந்தைக் குரல் என்றால் மற்றவர்கள் மூக்கால் கீச்சிடுவார்கள், கேட்கிறவன் காதைப் பொத்திக்கொள்வான். இவள் வேறு ரகம். பஸ் நிறுத்தத்திலோ, ஆஸ்பத்திரி வாசலிலோ, துணிக்கடையிலோ ஒரு பிள்ளை அழுதால் வந்த வேலையை மறந்து நின்றுவிடுவாள். சமாதானப்படுத்தத் தோன்றாது, கேட்டுக்கொண்டிருப்பாள். "சத்தத்தக் கேக்காதே, மூச்சக் கேளு. குழந்தைக்கு மூச்சு நெஞ்சுக்கு மேலதான் இருக்கும். நமக்கு அடிவயித்துலேர்ந்து வரும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். ஒருமுறை ஒரு தாய், "என் புள்ள அழறது உனக்கு வேடிக்கையா இருக்கா?" என்று எகிறிவிட்டாள். குட்டிப்பாப்பா அசடு வழியச் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

அவளைத் தூக்கி நிறுத்தியது ஒரு பேய்ப்படம். தாய் கோபத்தில் ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துபோக, உள்ளேயே செத்துப்போன ஒரு பெண் குழந்தை ஆவியாகத் திரும்பி வருகிற கதை. கதையில் ஓட்டை இல்லாத இடமே கிடையாது. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து "கதவத் தொறம்மா" என்று அந்தக் குழந்தை அழும் இடத்தில் தியேட்டரே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. படம் சக்கைப்போடு போட்டது. காய்கறிக் கடைக்காரர் கெஞ்சிக் கேட்டார் என்று ஒருநாள் தக்காளி பொறுக்கிக்கொண்டே அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினாள். மனிதர் தராசைக் கீழே போட்டுவிட்டார்.

வீட்டில் அவளுக்கு ஒரு புருஷன், ஒரு மகள். புருஷன் சாவி செய்கிறவர். கடைத்தெரு முனையில் ஆளுயரத்துக்கு ஒரு பெட்டிக்கடை, அதற்குள் தொங்குகிற சாவிகளுக்கு நடுவே அவர் தலை மட்டும் தெரியும். அதிகம் பேசாதவர். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து, இனி இல்லை என்று கைகழுவிய பிறகு பிறந்தவள் மகள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. அம்மாவின் தொழிலை நினைத்து அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. "பேயோட குரல் எங்கம்மாதான்" என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள்.

ஆறு வருடம் கழித்து அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்தார்கள். எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டால் எடுத்தவர்களுக்கே தெரியாது. முதல் பாகத்தில் ஆவியாக நடித்த குழந்தை இதற்குள் பதினான்கு வயதுக்கு வளர்ந்து, இயக்குநரின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது. செத்துப்போன குழந்தை எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று அதற்குத் தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு ஒரு கவுனைத் தைத்து, உள்ளே முழங்காலை மடக்கி நடக்கச் சொல்லியிருந்தார்கள். முகத்தில் அப்பியிருந்த பவுடரைச் சுரண்டினால் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கலாம்.

குட்டிப்பாப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவளுடைய கவலையெல்லாம் கதவுக் காட்சிதான். முதல் பாகத்தில் சிறிதாக வந்து போனது இதில் நீண்டு கிடந்தது. ஆவி கதவுக்குப் பின்னால் கெஞ்சி, மிரட்டி, அழுது, விக்கி அடங்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். முதல் டேக் சரியில்லை. அடுத்ததும் இல்லை. மதியம் வரை அழுது பார்த்தாள். தண்ணீர் குடித்து, குனிந்து, மூச்சை மேலே இழுத்துப் பிடித்து, தெரிந்த வித்தையையெல்லாம் செய்தாள். ஆனால் குரல் தடித்துப்போயிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், எல்லோரும் 'காது' என்று கூப்பிடுகிறவர், தலையைச் சொறிந்தார்.

"அக்கா, மூச்சு பெருசா இருக்கு."

இவள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் இவளுக்கே திருப்பிச் சொன்னார். அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது.

இயக்குநர் சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன். அதனாலேயே அவன் சொன்னது இன்னும் சுருக்கென்று தைத்தது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்த அழற மாதிரி இல்ல, குழந்தையோட அம்மா அழற மாதிரி இருக்கு. நாளைக்கு ஒருவாட்டி பாப்போம். வரலேன்னா வெளியில ஒரு பொண்ணு உக்காந்திருக்கு, அத வச்சு முடிச்சிடலாம்."

வெளியே நாற்காலியில் இருபது வயதுப் பெண் ஒருத்தி கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குட்டிப்பாப்பாவைப் பார்த்ததும் எழுந்து, "உங்க குரலக் கேட்டுத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்றாள். பாவம், மனதாரத்தான் சொன்னாள். இவளுக்கு அது காய்ச்சிய எண்ணெயாக இறங்கியது.

அன்று மாலை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டிப்பாப்பா அவளை அந்த வசனத்தைச் சொல்லச் சொன்னாள். மகள் கையைக் கட்டிக்கொண்டு, மேடையில் பேசுகிற தோரணையில் "கதவைத் திற, அம்மா!" என்று முழங்கினாள். "அழுதுகிட்டே சொல்லுடி" என்றதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு 'ஊ ஊ' என்றாள். பிறகு தானே விழுந்து விழுந்து சிரித்தாள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று குட்டிப்பாப்பாவுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்த வேகத்திலேயே அதை உதறியிருக்க வேண்டும், அவள் உதறவில்லை.

சமையலறையை ஒட்டி ஒரு சாமான் அறை உண்டு. பழைய பெட்டிகளும், புருஷனின் உடைந்த பூட்டுகள் நிறைந்த சாக்குகளும் கிடக்கும். ஜன்னல் கிடையாது. "மேல் தட்டுல அந்தக் கம்பளி இருக்கா பாரு" என்று மகளை உள்ளே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். கதவுக்கும் தரைக்கும் இடையே இருந்த இடுக்கில் கைபேசியை வைத்துப் பதிவை ஓடவிட்டாள்.

மகள் முதலில் சிரித்தாள். "அம்மா, விளையாடாதே" என்றாள். பிறகு தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் தட்டினாள். "அம்மா, இருட்டா இருக்கு. அம்மா, இருக்கியா?" என்றாள். குட்டிப்பாப்பா வாயைத் திறக்கவில்லை. "கதவத் தொறம்மா" என்று குழந்தை உடைந்து அழுதபோது, ஒரு தாயின் வயிறு கலங்க வேண்டிய நேரத்தில், இவளுக்கு மனதில் ஓடியது 'இதுதான், இதேதான்' என்பது. மூச்சு நெஞ்சுக்கு மேலே நின்று துடித்தது. விக்கல் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது.

டப்பிங் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. வசனம் முடிந்த கையோடு அசையக் கூடாது. கடைசி மூச்சு அடங்கி, அதற்குப் பின் கொஞ்சம் வெறும் நிசப்தமும் பதிவான பிறகுதான் நகர வேண்டும். அவசரப்பட்டால் நல்ல டேக் பாழாகிவிடும். உள்ளே அழுகை ஓய்ந்து, சுவரோடு சரிந்து உட்கார்ந்த சத்தம் கேட்டு, வெறும் தேம்பல் மட்டும் மிஞ்சியது. அப்போதும் குட்டிப்பாப்பா தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றாள். தேம்பலும் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். நின்றது. அதற்கப்புறமும் கொஞ்சம் விட்டுத்தான் திறந்தாள்.

மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. "தாழ்ப்பா இறுகிப்போச்சுடா கண்ணு, அம்மா எவ்வளவோ இழுத்துப் பாத்தேன்" என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னாள். சொல்லும்போது அவள் கையும் நடுங்கியது. மகள் அதைப் பார்த்துவிட்டு, அழுத மூக்கோடு நிமிர்ந்து, "நீயும் பயந்துட்டியாம்மா? அழாதே, அதான் தொறந்துட்டேல்ல" என்று அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருக்கலாம். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. சாவிக்காரர் வீடு திரும்பியதும் மகள், தான் மாட்டிக்கொண்டதையும் அம்மா போராடிக் காப்பாற்றியதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். அவர் தாழ்ப்பாளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. "நல்லாத்தானே இருக்கு" என்று முணுமுணுத்தார். அப்புறம் தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு, "ஊர்ப் பூட்டெல்லாம் தொறக்கறேன், என் வீட்டுத் தாழ்ப்பாளப் பாக்காம விட்டுட்டேன் பாரு. அப்பா மேலதான் தப்பு" என்று மகளிடம் சொன்னார். கடையிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். திருகாணியை முடுக்க அவர் குனிந்திருந்தபோது குட்டிப்பாப்பா அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவரைப் பார்க்கும் துணிவு இல்லை.

மறுநாள் 'காது' அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டார். கேட்டு முடித்தும் கழற்றவில்லை. "யாருக்கா இது?"

"நான்தான். வீட்டுல அமைதியா இருந்தது, எடுத்தேன்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அவர் காதுக்குத் தெரியாதா? ஆனால் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அவருக்கும் வேலை முடிய வேண்டும். இரைச்சலைத் துடைத்து, கதவுக் காட்சியில் ஒட்டிவிட்டார். இயக்குநர் துள்ளிக் குதித்தான். "அக்கா, நீங்க என்னிக்கும் குட்டிப்பாப்பாதான்!" என்றான். அவள் சிரித்து வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அவள் மகளிடம் சொல்ல நினைக்காத நாள் இல்லை. தலை பின்னும்போது சொல்லலாம் என்று தொடங்குவாள், பின்னி முடித்துவிடுவாள். சாப்பிடும்போது சொல்லலாம் என்றால் புருஷன் இருப்பார். படம் வராமலே போய்விடாதா என்றுகூட வேண்டிக்கொண்டாள். எத்தனையோ படங்கள் பெட்டிக்குள்ளேயே முடங்கிக் கிடக்கின்றன, இது மட்டும் சொன்ன தேதியில் வந்து தொலைத்தது. "உனக்கு வேண்டாம்டி, பயப்படுவே" என்று மகளைத் தடுத்துப் பார்த்தாள். "எங்கம்மா பேசற பேய்க்கு நான் எதுக்குப் பயப்படணும்?" என்றாள் அவள். அப்பாவைப் பிடித்துத் தொங்கி, சனிக்கிழமை மதியக் காட்சிக்கு மூன்று டிக்கெட் வாங்கவும் வைத்துவிட்டாள்.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. ஆவி முழங்காலை மடக்கி நடந்து வந்ததும் பின் வரிசையில் ஒருவன், "யக்கா, பாத்து, கால் சுளுக்கிக்கப் போவுது" என்று கத்தினான். அரங்கம் கொல்லென்று சிரித்தது. பயமுறுத்த வந்த பேய்க்கு அதற்கப்புறம் ஒரே வரவேற்பு, வரும்போதெல்லாம் கேலி. மகளும் சிரித்தாள். பாப்கார்னை வாய் நிறையப் போட்டுக்கொண்டு, அப்பாவின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். குட்டிப்பாப்பா மட்டும் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதவுக் காட்சி வந்தது. மூடிய கதவு. தட்டும் சத்தம். "அம்மா, இருட்டா இருக்கு. அம்மா, இருக்கியா?"

அரங்கம் ஒரு கணம் அடங்கியது. அந்த ஒரு கணத்தில், அவளுடைய புத்தி போன போக்கைப் பாருங்கள், 'எடுபடுகிறது' என்று அவள் மனம் நிமிர்ந்தது. அடுத்த நொடி கதவின் உட்புறத்தைக் காட்டினார்கள். ஒன்பது வயதுக் குழந்தையின் உயிர் போகிற அழுகை, பவுடர் அப்பிய அந்த நெடிய பெண்ணின் வாயிலிருந்து வந்தது. வாய் ஒரு பக்கம் போக, அழுகை ஒரு பக்கம் போனது. தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். குழந்தை அழ அழ இவர்கள் சிரித்தார்கள். "கதவத் தொறம்மா" என்று நாலா பக்கமும் கீச்சுக் குரலில் கூவினார்கள். அந்தத் தேம்பலுக்கு விசிலடித்தார்கள். அடங்கும்வரை அவள் காத்திருந்து எடுத்த தேம்பல் அது.

சாவிக்காரர் சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளையின் அழுகை எந்த அப்பாவுக்கும் தெரியும். மகளின் தலைக்கு மேலே மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். திரை வெளிச்சத்தில் அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபம் இல்லை. ஒன்றும் புரியாதவர் மாதிரி பார்த்தார். பிறகு புரிந்துகொண்டவராகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று அவளுக்கு இருந்தது.

மகளைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தாள். மகள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். பாப்கார்ன் மடியில் அப்படியே இருந்தது.

படம் முடிந்து வெளியே வந்தார்கள். நல்ல வெயில். சாவிக்காரர் "வண்டிய எடுத்துட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவும் மகளும் தியேட்டர் படிக்கட்டின் ஓரமாக நின்றார்கள். கூட்டம் அவர்களைக் கடந்து போனது. "காசு போச்சு" என்று சிலர் திட்டினார்கள். கல்லூரிப் பையன்கள் சிலர் ஒருவன் முதுகை ஒருவன் தட்டி "கதவத் தொறம்மா" என்று அழுது காட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

"அம்மா, அது நான்தானே?"

"எதுடி?" என்றாள் குட்டிப்பாப்பா. இந்த நேரத்திலும் அவளுக்கு மழுப்பத்தான் வந்தது.

"கதவுக்குள்ள அழுதது. பெட்டி மேல முட்டிக்கிட்டு 'ஸ்ஸ்'ன்னு சொன்னேன். அதுகூட வந்துது."

இனி ஒளிந்துகொள்ள இடமில்லை. "ஆமாம்" என்றாள்.

"தாழ்ப்பா மாட்டிக்கிச்சுன்னு சொன்னே?"

"மாட்டிக்கல. நான்தான் போட்டேன். அம்மாவுக்குச் சரியா அழ வரல, வேற பொண்ணக் கூப்பிட்டுடுவோம்னாங்க. அதுக்காக..." சொல்லச் சொல்ல அது சின்னதாகவும் கேவலமாகவும் ஆகிக்கொண்டே போனது.

மகள் யோசித்தாள். "நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது."

"அழுதது?"

"எல்லாம் கேட்டுது. கதவுக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். 'உன்கூடப் பேச மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். மகள் ஒன்றும் செய்யவில்லை. படியில் இறங்கிப் போகிற பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருவன் மறுபடியும் அழுது காட்ட, மற்றவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். மகளின் காது மடல் சிவந்தது.

"அம்மாவ மன்னிச்சுடுடி" என்றாள் குட்டிப்பாப்பா. குரல் உடைந்து கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் அவசரமாக அவள் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல் அவள் முதுகைத் தடவினாள்.

"அழாதேம்மா. எல்லாரும் சிரிச்சாங்கன்னுதானே அழறே?" என்றாள் தாழ்ந்த குரலில். "எனக்குத் தெரியல, அது படத்துக்குன்னு. நீ இன்னும் கொஞ்ச நேரம் தொறக்காம இருந்திருந்தா, யாரும் சிரிக்காத மாதிரி நல்லா அழுதிருப்பேன்."